உறைமேல் இருந்த படகு

என் கண்ணு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நல்லா இருக்கேம்மா என்று நீ ஃபோனில் சொல்வதைப் பாதிதான் நம்புவேன், ஃபோனில் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ ஆறு மாதம் உட்கார்ந்து வசனம் முழுக்கத் தமிழில் எழுதிச் சேர்த்தாயே, அந்த வேற்றுமொழிப் படத்தின் புளூ-ரே டிஸ்க் வந்த அன்று அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். லேத் பட்டறை இரைச்சலில் காது போனபிறகு, என்ன சொன்னான் என்ன சொன்னான் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார், ஒருநாள் நான் சலித்துக்கொண்டதும் எழுந்து போனவர் அப்புறம் படமே பார்த்ததில்லை, அந்தப் பாவம் என்னுடையது. இதில் கீழே எழுத்து ஓடும், யாரையும் கேட்க வேண்டாம் என்று அவ்வளவு ஆசை. டிஸ்க்கைப் போட்டால் இது இந்தப் பகுதியில் ஓடாது என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. லென்ஸில் தூசி என்று அப்பா பிளேயரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார், மறுபடியும் அதே வரி. எழுத்து வரும்னாளே, இவ்வளவுதானா எழுதினா என்று கேட்டார். டிவி ரிப்பேர்க்காரர்தான் விளக்கினார்: டிஸ்க்கிலும் குறையில்லை, பிளேயரிலும் குறையில்லை, இதற்காக உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்களாம், உன் டிஸ்க் பி, எங்கள் பிளேயர் சி. பெற்ற பெண்ணே எங்கோ இருக்கிறாள், இதில் இது வேறா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று நீ, அப்பா பாத்தாராம்மா என்று கேட்ட குரலுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்தோம், பிரமாதம் என்றேன். எந்த இடம் பிடித்தது என்றாய். உறைமேல் இருந்த படத்தைப் பார்த்து, அந்தப் படகுக் காட்சியில் அப்பா கண்கலங்கிவிட்டார் என்று அளந்துவிட்டேன். அப்படியாம்மா என்றாய், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் எல்லாப் பகுதி டிஸ்க்கும் ஓடுகிற பிளேயர் பார்சலில் வந்தது, பழசு மக்கர் பண்ணினா இது இருக்கட்டும் என்று ஒரு துண்டுச்சீட்டோடு.

ஞாயிறன்று பார்த்தோம். அந்தத் தபால்காரன் மாமியாரிடம் மாட்டிக்கொள்ளும் இடத்தில் நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அப்பா சிரித்துவிட்டார். இந்த முறை என்ன, என்ன என்று கேட்டது நான்தான். அவர் சலித்துக்கொள்ளாமல் கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தார். படம் முடிந்தது, படகு மட்டும் வரவே இல்லை. ஒவ்வொரு வரியும் எழுதியவளிடம் போய் இல்லாத படகை ஓட்டியிருக்கிறேன்! அன்றைக்கே கண்டுபிடித்தும் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் நீ வேண்டியதை அனுப்பி வைத்தாய், இந்தப் பக்குவத்தை உனக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, என்னிடமிருந்து வந்ததல்ல. ரொம்ப நன்றிடா.

படகைப் பார்த்து அப்பா கலங்கினார் என்றது பொய். கடைசியில் உன் பெயர் வந்ததும் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, டிவி பக்கத்தில் போய் நின்று கலங்கினாரே, அது நிஜம்.

நீண்ட ஆயுளோடு, குறையில்லாமல் இரு. அடுத்த படத்தில் எழுத்தை இன்னும் கொஞ்ச நேரம் நிற்க விடு, எனக்குப் படிக்க வேண்டாமா.

இப்படிக்கு,
உன் புளுகு மூட்டை அம்மா