பதிலுக்கு ஓர் ஆள்

ஜூலை 8

நாற்பத்து நான்கு வயதில் எனக்குப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்துவிட்டது! டிப்ளமோ முடித்தவர்களுக்கான பி.எஸ்சி. நர்சிங், இரண்டு வருடம், தலைநகரில். 31-ஆம் தேதிக்குள் சேர வேண்டும். முடித்தால் நர்சிங் பள்ளியில் ஆசிரியை ஆகலாம். இல்லாவிட்டால் டிப்ளமோவைக் கட்டிக்கொண்டு இந்தச் சுகாதார நிலையத்திலேயே ஓய்வுபெற வேண்டியதுதான்.

இவரிடம் சொன்னேன். "அப்போ ரெண்டு வருஷம் என் சமையலை நானே சாப்பிடணும். வயித்து வலி வந்தா எந்த நர்ஸைப் பாக்குறது?" என்றார். ஆனால் பரணிலிருந்து பெட்டியை இறக்கியதும் அவர்தான்.

ஜூலை 9

பெட்டிக்குள் என் பயிற்சி நோட்டு. அட! ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு பேர். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகிவிட்டு அதையே பங்கு போட்டுத் தின்போம். படுக்கை விரிப்பின் மூலை சரியாக மடியாவிட்டால் டியூட்டர் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிடுவார். நான் அழுவேன். பக்கத்துக் கட்டில் நெட்டை, "அழுதா மூலை மடிஞ்சிடுமாடி?" என்பாள்.

ஆறில் நான்கு பேர் இன்று வெளிநாட்டில். நெட்டையும்தான். அந்த மூன்று வருடம் சிரித்த மாதிரி நான் அப்புறம் சிரிக்கவே இல்லை.

ஜூலை 14

மாவட்ட அலுவலகம். "படிக்கப் போங்க சிஸ்டர், யாரு வேணாம்னா? பதிலுக்கு ஆள் வந்து சேரட்டும், ஆர்டரைக் கையில கொடுத்துடுறேன்" என்றார் கிளார்க்.

யார் வருவார்கள், மதியம் ஒரே ஒரு பஸ் வருகிற இடத்துக்கு?

ஜூலை 19

ஒருத்தி வந்தாள், அப்பாவோடு. குவார்ட்டர்ஸைச் சுற்றிப் பார்த்தார்கள். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார் என்றேன். வந்த பஸ் திரும்பும்போதே ஏறிப் போய்விட்டார்கள்.

ஜூலை 22

யாரும் இல்லை.

ஜூலை 24

இன்று வந்தவள் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாக, "இதுதானா?" என்றாள். கண்டக்டர், "இதேதான்மா" என்றார். அவ்வளவுதான்.

வாயில் வந்தபடி திட்டினேன். அப்புறம் வெட்கமாகப் போயிற்று. இருபது வருடத்துக்கு முன் நானும் இங்கே வந்து, திரும்பிவிடலாமா என்றுதானே நின்றேன்? அப்போது இருந்த அக்கா டீ போட்டுக் கொடுத்து, "தங்கமான ஊரும்மா, ஒரு தொந்தரவும் இல்ல" என்றார். மறுநாளே சாவியைத் திணித்துவிட்டு ஓடாத குறையாகப் போனார். மூன்றாம் நாள் குளியலறையில் பாம்பு. எத்தனை வருடம் அவரைக் கரித்துக் கொட்டியிருப்பேன்! அவருக்கும் எங்கோ சேர வேண்டிய தேதி இருந்திருக்குமோ? இன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜூலை 29

மூன்றாவது பெண். தனியாக வந்தாள். டிகிரி முடித்து, நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் இருந்தவள்.

"இங்க எப்படிக்கா?"

தங்கமான ஊர் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு நாள்தானே பாக்கி? ஆனாலும், "பாம்பு வரும், சிக்னல் வராது. மூணு மாசம் அழுவே" என்றேன். ஐயோ, கெடுத்துக்கொண்டேனே!

"பிரசவம்?"

"மாசம் ஏழெட்டு. பெரும்பாலும் நீயேதான் பாக்கணும்."

"அங்க என்னை டிரே தூக்கத்தான் விட்டாங்க" என்றாள். தோள்பையைக் கீழே இறக்கினாள்.

ஜூலை 31

சேர்ந்துவிட்டேன். அறைக்கு நான்கு பேர். மற்ற மூவருக்கும் என் மகள் வயது. காலையில் என் படுக்கை விரிப்பைப் பார்த்து, "அக்கா, இந்த மூலையை எப்படி மடிச்சீங்க?" என்று கேட்டார்கள். மாலைவரை சிரித்த முகமாகவே இருந்தேன்.

மார்ச் 3

எனக்குப் பதிலாக வந்தவள் நிலையத்து லேண்ட்லைனிலிருந்து போன் செய்தாள். ஐம்பது பிரசவம் ஆகிவிட்டதாம், எல்லாம் நல்லபடியாக. வெளிநாட்டில் வேலையும் கிடைத்துவிட்டது. தனியாகப் பிரசவம் பார்த்த அனுபவத்தைக் கேட்டதும் எடுத்துக்கொண்டார்களாம். ஜூன் முதல் தேதிக்குள் சேர வேண்டும்.

"பதிலுக்கு ஆள் வந்தாத்தான் விடுவாங்களாம்க்கா. நீங்க எப்ப வர்றீங்க?"

"இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கேம்மா" என்றேன். முடித்தாலும் அங்கே வரப்போவதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பஸ் வந்துட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"இப்பதான் போச்சுக்கா. யாரும் இறங்கல."