பின் சக்கரத்துக்கு பிரேக் இல்லை

வியாசர்பாடி,
ஞாயிறு காலை.

அன்பு மச்சான் டில்லிபாபுவுக்கு, மாமா குணசேகரன் எழுதுவது. ஜெய்பீம்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் அக்கா தாயம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையில் உன் மகள் ஷாலுவுக்கு இருமல். உன் வீட்டுக்காரி ரமாபாய் அவளை டாக்டரிடம் காட்டிவிட்டாள், பயமில்லை. எண்ணூரில் நம் கம்பெனிக்குள் வந்த சைடிங் தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். ஃபிட்டராக இருந்த என்னை கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்தே உடம்பு அசந்துபோகிறது.

நேற்று போனில், "மாமா, கெயவி இங்க ராணி மாதிரி கீது, பொதன்கெயமைலேர்ந்து மலை மேலேர்ந்து லோடு எறக்கப்போறேன்" என்றாய். நம் பழைய டீசல் எஞ்சினை ஆப்பிரிக்கா போயும் கெயவி என்றே கூப்பிடுகிறாயே என்று சிரித்தேன். மலை என்றதும் சிரிப்பு போய்விட்டது. அப்போதிலிருந்து சோறு இறங்கவில்லை.

ரயில்வேயில் முப்பது வருஷம் கூட்ஸ் இழுத்த வண்டி அது. அவர்கள் கழித்ததும் ராயபுரத்தில் ஒரு யார்டுக்காரர் வாங்கி, உப்புக்காற்றில் போட்டு ஓட்டினார். அப்புறம் எண்ணூரில் நம் கம்பெனி. கை மாறும்போதெல்லாம் ஆளுக்கொரு கலர் பெயிண்ட் அடித்தார்கள். உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பார்த்தும் மூடினேன்.

பின் சக்கரங்களுக்கு பிரேக் இல்லை டில்லி. அந்தப் பக்கத்து பிரேக் சிலிண்டரில் காற்று ஒழுகியது. வாஷர் கிடைக்காமல், அதற்குப் போகும் காற்றுக் குழாயின் வால்வை மூடிவிட்டேன். மீட்டர் முள் முன்பக்கத்துக் காற்றைத்தான் காட்டும். இங்கே சமதரையில் பத்து கிலோமீட்டர் வேகம், முன் பிரேக்கே போதுமாக இருந்தது. நீயே ஆறு வருஷம் ஓட்டினாய், உனக்கே தெரியவில்லை.

ஆப்பிரிக்காவுக்கு வாங்க வந்தவர், வண்டி தேறினால்தான் டிரைவரையும் கூட்டிப்போவேன் என்றார். நீ எட்டு மாதமாக வேலையில்லாமல் கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தாய். மூடிய வால்வின் கைப்பிடியைக் கழற்றி, மேலே பெயிண்ட் அடித்து, வண்டி நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். அங்கே பிரித்துப் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிரேக்கைப் பார் என்று நேற்று சொன்னதற்கு, "இன்னா மாமா பேஜாரு பண்றே, நீதான கையெய்த்துப் போட்டுக்கீறே, அத்தப் பாத்துதான் ஆபீசர் பர்மிஷனே குட்த்தாரு" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தத் தாள்.

இதைப் படம் பிடித்து இப்போதே உன் செல்லுக்கு அனுப்புகிறேன். அசலும் நான்கு வாஷரும் மெக்கானிக் ரகுபதியிடம் இருக்கின்றன. நாளைக்கு அவர் அங்கே வர விமானம் ஏறுகிறார்.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீயே சத்தமில்லாமல் சரிசெய்யப் பார்ப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும். வேண்டாம். ஆபீசர் கையில் இதைக் கொடு. என் வேலை போனால் போகட்டும். புழல் ஜெயிலுக்கே அனுப்பினாலும் போகிறேன். அவர்கள் சரிபார்க்கும் வரை நீ வண்டியில் ஏறாதே.

இதற்கப்புறம் நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி. புதன்கிழமை சாயங்காலம் ரமாபாய்க்கு மட்டும் ஒரு போன் போடு. பக்கத்து வீடுதானே, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அவள் உன்னோடு சண்டை போடுகிற சத்தம் கேட்டால் போதும், எழுந்துபோய் சாப்பிடுவேன்.

நன்றாக இரு, மச்சான்.

உன் மாமா,
ஃபிட்டர் குணசேகரன்