கப்பலில் ஒளிந்திருந்த தோசைக்கல்

அன்பு மகள் ஸ்ரீப்ரியாவுக்கு,

நானும் உன் அம்மாவும் வலியசாலையில் சௌக்கியம், என் மானத்துக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை. மக்களே, கடற்படையில் சமையல்காரனாக இருந்தபோது, என் அம்மா கொடுத்த இரும்புத் தோசைக்கல்லைக் கப்பலின் அரிசி மூட்டைக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன். இதிலென்ன என்பாய். எங்கள் ‘நீண்டகரா’ கண்ணிவெடி வாரும் கப்பல், இரும்பு நெருங்கினாலே வெடிக்கிற ரகம் கடலுக்கடியில் கிடக்கும் என்பதால் கப்பலையே மரத்தில் கட்டியிருந்தார்கள், சமையல் ஏனமெல்லாம் அலுமினியம், அதில் தோசை ஒட்டும். அம்மா கொடுத்ததிலும் ஒட்டத்தான் செய்தது, என் கைராசி என்று விட்டுவிட்டேன்.

கப்பலின் பழைய ஆட்கள் நினைவு மலர் போடுகிறார்கள், கப்பல் சரித்திரம் எழுத என்னைப் பிடித்தார்கள். முப்பது வருஷம் கொச்சியிலிருந்து ஓடியது, பயிற்சி வெடிகளைத் தவிர வாரியதெல்லாம் மீன்வலையும் ஒரு பழைய ஃப்ரிட்ஜும்தான், ஆனால் புயலில் பதினேழு மீனவர்களைத் தூக்கி வந்தது. ஒரே கரும்புள்ளி, தொண்ணூற்றெட்டில் காந்தச் சோதனையில் தோற்றது. கப்பலின் காந்தத்தை அடக்கும் மின்சுருள்கள் விதுரா செல்வின் மாமாவின் பொறுப்பு, பிழையைக் கண்டுபிடிக்காமல் லீவு இல்லை என்றுவிட்டார் கேப்டன். பதினோரு நாள் சுருள்களைப் பிரித்து மாட்டினான், அதற்குள் அவன் கல்யாணத் தேதியே போய்விட்டது. பயந்துபோய் நான் கல்லைக் கைலியில் சுற்றி வெளியே கடத்தினேன், மறுநாள் கப்பல் பாஸ்.

போன ஞாயிறு அவனையும் அவன் பெண்டாட்டி ராகேலையும் சாப்பிடக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு தோசைக்கல்லுக்காகவா அண்ணாச்சி எனக்க கல்யாணத்த முடக்கினிய, எங்க வீட்டுல இருநூறு பேரு மாப்பிள இல்லாம சாப்பிட்டுப் போனாவ என்று ராகேல் பிடித்துக்கொண்டாள். செல்வின் மட்டும் இலையைப் பார்த்தபடி, அப்போ தப்பு எனக்கதில்லையா அண்ணாச்சி, இத்தன வருஷமா எனக்க கைப்பிழைன்னுல்லா நெனச்சிருந்தேன் என்றான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தான். மலரில் காரணமாகத் தோசைக்கல்லைத்தான் எழுதியிருக்கிறேன், அச்சுக்கும் போயாயிற்று.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். உன் வீட்டு விளக்கு என்றும் நிறைந்து எரியட்டும். செல்வின் மாமாவுக்கு வாரம் ஒரு போனாவது செய், ஆனால் கீழே இருப்பதை மட்டும் அவனிடம் சொல்லாதே.

உன் அப்பா,
தாணுமாலயன்

பி.கு. நேற்று அந்தக் கல்லில் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.