வீட்டு எண் இல்லாத கணக்கு

கோரமண்டல்
2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால் மணி.
கைக்கு வந்த படிவங்கள் அறுபத்து மூன்று. அதில் உண்மை சொல்லும் படிவம் ஒன்றுகூட இல்லை.

அன்புள்ள பவ்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி ஹரிஷும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் புவனேஸ்வரில் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடியும், நலமா என்று செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது, போன் செய்தால் கிளாஸ் இருக்குப்பா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வெட்ட முடியாது.

ஹரிஷ் பள்ளிக்கூடத்து விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். ஆறாவது ஏழாவது பிள்ளைகளில் பாதிப் பேர் தினமும் முதல் பீரியட் முடிந்த பிறகுதான் உள்ளே வருகிறார்கள், ஆள் வராத வகுப்பை எதற்கு நடத்துவது, இரண்டையும் ஆண்டர்சன்பேட்டைப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று மேலே பேச்சு, வரும் 28ஆம் தேதி கூட்டத்தில் முடிவு. சேர்த்துவிட்டால் ஹரிஷ் காலையில் தனியாக எழுந்து, வீட்டைப் பூட்டி, பஸ் பிடித்துப் போக வேண்டும், நானும் அம்மாவும் அதற்குள் வேலைக்குப் போகும் ரயிலில் பங்காருப்பேட்டையைத் தாண்டியிருப்போம். நம் வீடு மட்டுமா, இந்த லைனில் எல்லா வீட்டுக் கதையும் இதுதான். பெற்றோர் குழுத் தலைவன் என்று என்னை உட்கார வைத்திருக்கிறார்களே, சும்மா டீ குடிக்கவா என்று, ஏன் தாமதம் என்பதைக் கண்டுபிடித்து, ஒரு மாற்றம் செய்து பார்த்து, எண்ணிக்கையோடு கூட்டத்தில் வைக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் கழிவு அதிகமானால் நான் செய்யும் வேலைதானே இது, நீ படிக்கும் படிப்பில் இதற்குச் செயல் ஆராய்ச்சி என்று பெரிய பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பன்னிரண்டு கேள்வி, சுத்தமான படிவம். காலையில் பிள்ளையைக் கிளப்புவது யார், வீட்டில் இரவு தூங்குபவர்கள் எத்தனை பேர், இப்படி. எங்கள் தொழிற்சாலையில் பேட்ச் எண் இல்லாமல் ஒரு திருகாணிகூட உள்ளே வராது, அந்தப் பழக்கத்தில் படிவத்தின் தலையில் வீட்டு எண் எழுதக் கட்டம் போட்டேன். எல்லா வீட்டிலிருந்தும் திரும்பி வந்தது. பார்த்தால் அறுபத்து மூன்று வீட்டிலும் காலையில் பிள்ளையைக் கிளப்புவது அம்மா, அறுபத்து மூன்று வீட்டிலும் குடும்பம் முழுக்க இரவு வீட்டில்தான் தூங்குகிறது, துபாயில் வெல்டிங் செய்கிற விநாயக் உட்பட. தலைமையாசிரியை சுனிதா டீச்சர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்க பேப்பரே சொல்லுதே தம்பி, அம்மா வூட்ல இருந்தும் புள்ள லேட்டுன்னா அது சோம்பேறித்தனம், நான் கூட்டத்துல அதையே சொல்லிடறேன் என்றார். நான் உழைத்து எடுத்த கணக்கை வைத்தே வகுப்பை மூடப்போகிறார்கள், என் எரிச்சல் உனக்குப் புரிகிறதா.

புதன்கிழமை விடியற்காலை பிளாட்பாரத்தில் நிற்கிறேன், படிவத்தில் வீட்டிலிருந்து பிள்ளையைக் கிளப்பும் அம்மாக்கள் அத்தனை பேரும் டிபன் டப்பாவோடு என் முன்னால் நிற்கிறார்கள். தினமும் நிற்பவர்கள்தான், எனக்குத்தான் அன்றைக்கு உறைத்தது. நம் பின் லைன் மங்கம்மா கையில் கிடைத்தாள், ஏன் இப்படிப் பொய் எழுதினாய் என்று பிடித்துக்கொண்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "இன்னாண்ணா புதுசா கேக்குற. வூட்டு நம்பரப் போட்டு, வூட்ல யாரும் இல்லன்னு எங்கையாலயே எழுதிக் குடுக்கச் சொல்ற. நாளைக்கு ஆள் இல்லாத வூடுன்னு எவனுக்காச்சும் எழுதி வச்சுட்டா நீயா வந்து நிப்ப?" என்றாள். தங்கச் சுரங்கம் மூடின நாளிலிருந்து, கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த இந்த லைன் வீடு நமக்கா இல்லையா என்று காதில் விழாத வாரம் இல்லை, யார் காகிதத்தோடு வந்தாலும் வீட்டைப் பற்றித்தான் என்று இவர்களுக்கு நினைப்பு. நான் பள்ளிக்கூடக் காகிதம் என்று சொன்னேன். எல்லாக் காயிதமும் கடைசில ஒரே ஆபீசுக்குத்தாண்ணா போவும் என்றவள், ரயில் வந்து ஏறும்போது திரும்பி, எங்களச் சொல்றியே, அண்ணி இன்னா எழுதிக்கிதுன்னு பார்த்தியா என்று கேட்டுவிட்டுப் போனாள், பெட்டியே சிரித்தது. உன் அம்மாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

சாயந்திரம் வந்து எடுத்துப் பார்த்தேன். நம் வீட்டுப் படிவம் பதினேழாவது. காலையில் கிளப்புவது அம்மா. அந்த அம்மா என்னோடு அதே ரயிலில் கார்மெண்ட்ஸ் வேலைக்கு வருகிறாள். தூங்குபவர்கள் நான்கு பேர், பவ்யா என்று உன் பெயரும் வயதோடு இருக்கிறது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. என்ன சுமா இது, நம் வீட்டிலேயே தப்புக் கணக்கா என்று கேட்டேன். "அம்மா கெளப்புறான்னு வூட்டுக்காக ஒண்ணு எழுதினேன். அது பொய்தான், கோடு போட்டு அடிச்சுக்கோங்க. ஆனா அவ கட்டில் இருக்கு, தட்டு இருக்கு. எம்பொண்ணு இந்த வூட்ல இல்லன்னு எங்கையால எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இதை நான் எந்தக் கட்டத்தில் போடுவது சொல்லு.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். கேள்வி கேக்காதப்பா, போய் நின்னு பாரு என்று நீ போன மாதமே சொன்னாய் என்று சொல்லிக் காட்டாதே, எங்கள் சூப்பர்வைசரும் அதைத்தான் சொல்வார், நீ சொன்னதற்காக நான் போகவில்லை. ஒன்பது மணிக்கு ஸ்கெலட்டன் லைன் பக்கம் அங்கன்வாடி வாசலில் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது, வாசலில் யூனிபார்மோடு ஆறாவது ஏழாவது பிள்ளைகள், ஆளுக்கொரு தம்பியோ தங்கையோ கையில். கதவு ஒன்பதரைக்குத்தான் திறக்கும், பள்ளிக்கூட மணியும் அதே ஒன்பதரைக்கு, சின்னதை உள்ளே விட்டுவிட்டு இவர்கள் அங்கிருந்து பள்ளிக்கூடம் வரை ஓட வேண்டும். நம் ஹரிஷும் அதில். மங்கம்மாவின் கடைக்குட்டி இவன் விரலைப் பிடித்துக்கொண்டு மூக்கைத் துடைக்கிறாள். ஏண்டா தாமதம் என்று நான் திட்டினபோதெல்லாம் தூங்கிட்டேன்ப்பா என்றானே, வீட்ல ஆள் இல்லன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லிக்கிது என்கிறான் இப்போது. அப்பனிடமுமா. அங்கன்வாடியை நடத்தும் இசபெல்லாவிடம் அரை மணி நேரம் முன்னால் திறந்தால் என்ன என்று கேட்டேன். அந்த அம்மாள் அடுத்த தெருவில்தான் இருக்கிறார், சாவி இடுப்பில்தான் இருக்கிறது. "தொறக்கலாம் சார், எனக்கு இன்னா. எங்க ரிஜிஸ்டர்லயும் எல்லார் வூட்லயும் அம்மா இருக்குன்னுதான எழுதிக் குடுத்துக்கிறாங்க. அப்பறம் எதுக்கு சீக்கிரம் தொறக்கணும்னு நெனச்சேன்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பயந்து எழுதின ஒரே பதில், அதனாலேயே கதவு பூட்டியிருக்கிறது, அதனாலேயே வகுப்பும் போகப்போகிறது.

உன் ஆராய்ச்சிக்கு மீதிப் படிவங்களை ஹாஸ்டலில் உட்கார்ந்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று உன் கைடு சொன்னதாகச் சொன்னாயே, செய்யாதே. மார்க் குறைந்தால் குறையட்டும். வந்த படிவத்தையே நம்ப முடியவில்லை, வராததை நிரப்பி என்ன செய்யப்போகிறாய். ராத்திரியில் நூடுல்ஸைத் தின்று படுக்காதே, அம்மா கேட்கச் சொன்னாள். நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்த வேலை உனக்குக் கிடைக்க வேண்டும், யார் என்ன காகிதத்தை நீட்டினாலும் பயப்படாமல் பதில் எழுதுகிற இடத்தில் நீ வாழ வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் இவ்வளவுதான். இனி நான் செய்யப்போவது:

1. நாளை முதல் 27ஆம் தேதி வரை இசபெல்லா ஒன்பது மணிக்குத் திறக்கிறார். பெற்றோர் குழுவில் ஒருவர், முறை வைத்து லீவு போட்டு, அவருக்குத் துணையாக இருப்பார்.

2. பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணுவோம். மணி அடிக்கும் முன் எத்தனை, பின் எத்தனை. பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை. பள்ளித் தாமதப் பதிவேட்டில் இருக்கும் போன வார எண்ணும் இந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், அங்கன்வாடிக் கதவைப் பற்றிச் சொன்னதும் சுனிதா டீச்சர் சம்மதித்துவிட்டார்.

3. எண்ணிக்கை ஏறாவிட்டால் ஏறவில்லை என்றே கூட்டத்தில் சொல்வேன், வேறு காரணம் தேடுவோம் என்று நேரம் கேட்பேன்.

4. இன்று மாலைக்குள் அறுபத்து மூன்று படிவங்களையும் அந்தந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன், முதலில் மங்கம்மாவுக்கு.

5. பதினேழாவதை உன் அம்மாவிடம் கொடுப்பேன். நான்கு என்று எழுதினதை நான் திருத்தப்போவதில்லை. பொங்கலுக்கு டிக்கெட்டை இன்றே போடு, நீ வந்து படுத்து அந்த எண்ணைச் சரியாக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
வாசு