கசப்பில் பாதி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
14.10.1998

அன்புத் தம்பி பீர் மைதீனுக்கு அக்கா மெகராஜ் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நசீமாவும் பிள்ளைகளும் சென்னையில் நலமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. உன் மச்சானுக்குக் கால் வீக்கம் சற்றுக் குறைந்திருக்கிறது. வாரம் இரண்டு முறை மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துவருகிறார்.

உன் ஆய்வில் மதுரைக் கணக்கு மட்டும் உதைக்கிறது என்று எழுதியிருந்தாய். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தில் ஏறிப்போய் மாரடைப்பைக் கொண்டுவருவதாகச் சந்தேகிக்கப்படும் ஹோமோசிஸ்டீன், பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நன்றாக இறங்க வேண்டும், வெற்று மாத்திரைக்காரர்களுக்கு அப்படியே நிற்க வேண்டும். மதுரையிலோ எல்லோருக்கும் அரைகுறையாக இறங்கியிருக்கிறது. மச்சான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாய். ஒரு நாளும் தவறவில்லை. தவறு வேறு இடத்தில் இருக்கிறது.

யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக இரண்டையும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் செய்தீர்கள். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் தண்ணீர்தான் என்று விதிக்கப்பட்டவர், அதில் ஒரு மடக்கை மாத்திரைக்குச் செலவழிப்பாரா? மச்சான் அதை நாக்கிலேயே கரைய விடுகிறார். வார்டில் எல்லோரும் அப்படித்தான். கரைந்தால் ஒன்று கசக்கிறது. மற்றதற்கு ருசியே இல்லை.

சோழபுரம் செல்லத்தாயைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்தவள். இரண்டும் சின்னப் பிள்ளைகள். ஆய்வில் இருப்பதால் அவளுக்கு டயாலிசிஸ் இலவசம். அது இல்லையென்றால் இன்று அவள் இல்லை. அவள் வரும் பஸ்ஸில்தான் மச்சான் இங்கே ஏறுவார். துண்டைப் போட்டு அவருக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள்.

போன வியாழக்கிழமை எனக்குக் கல்லூரி இல்லை. நானும் உடன் போனேன். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் செல்லத்தாய் சுருக்குப்பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். அடுத்த முறை பார்க்கும்வரை வேண்டிய மாத்திரைகளை இருவரும் மடியில் வைத்து ஒவ்வொன்றாக நறுக்கிப் பாதிப்பாதி மாற்றிக்கொண்டார்கள். என்ன இது என்று கேட்டேன்.

“பாயண்ணனுக்குக் கசப்பு விழுந்திருக்கு மதினி, எனக்கு வெறும் மாவு. ரெண்டு வாயும் பாதி கசக்கட்டும்னு அவியதான் சொன்னாவ” என்றாள்.

நான் குரலை உயர்த்தியிருக்க வேண்டும். “ஏட்டி, ஒன் கெமிஸ்ட்ரிய பஸ்ஸுல எடுக்காத, அம்புட்டுப் பேரும் பாக்காவ” என்றார் உன் மச்சான். இவர்களைப் பார்த்து, வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இந்தப் பங்கு பரவியிருக்கிறது.

ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்காதீர்கள் என்று இத்தனை வருடம் மாணவிகளிடம் சொல்லி வந்தவள், வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். ஆனால் கசப்பதுதான் மருந்து என்று யார் சொன்னது? வெற்று மாத்திரையின் மேல்பூச்சே கசக்கலாம். அப்படியே மருந்தாக இருந்தாலும் ரத்தத்தில் ஓர் எண் குறைவது ஒன்று, மாரடைப்பு வராமலிருப்பது வேறு. அதைக் கண்டுபிடிக்கத்தானே நீங்களே ஆய்வு செய்கிறீர்கள்? இவ்வளவையும் மச்சானிடம் விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ அதுல பாதியக் குடுத்ததுக்கு ஒனக்கு ஏன் இம்புட்டுக் கோவம்?” என்றார்.

அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். “தெரிஞ்சா செல்லத்தாயத் தூக்கிருவாவ, அந்தப் பிள்ளைக கதி என்ன?” என்றார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் உன் கணக்கை வைத்து நாளை முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு இந்த மாத்திரையைக் கொடுப்பார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள். பொய்யான எண் அதில் சேரக்கூடாது. மதுரை எண்களை அடித்துவிடு. ஆட்களை அடித்துவிடாதே. டயாலிசிஸை நிறுத்தாமல் இருக்க உன்னால் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு பேசு. அவர்கள் உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் பிழைக்கக் கூசினார்கள், அவ்வளவுதான்.

எண்களை அடித்தபின் யாருக்கு எது என்ற ரகசியத்துக்கும் வேலையில்லை. அப்போது மதுரைக்கு வரும் டப்பாக்கள் எல்லாவற்றிலும் அந்த வைட்டமின் மாத்திரையே இருக்கட்டும். அதன் பலன் இன்னும் நிரூபணமாகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

மச்சான் உனக்கு சலாம் சொல்லச் சொன்னார், இந்தக் கடிதம் எதைப் பற்றியது என்று தெரியாமல். அல்லாஹ் உன் கைக்கு நல்ல முடிவைத் தரட்டும். முடிந்தால் சீக்கிரம் எழுது. பஸ்ஸில் மச்சானுக்கு இடம் பிடிக்கச் செல்லத்தாயின் துண்டு இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

உன் அக்கா,
மெகராஜ் பேகம்