முடுக்குக்குள்ள மூணாவது வீடு

ஜூன் 9, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். விடுதி மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் பிடித்தாயிற்று. இரண்டு கிளிப்பைக் காணோம்.

சென்னைக்கு வந்து பதினோரு நாள். இதுவரை தெரிந்துகொண்டவை:

- இந்தத் தண்ணீரில் தலைக்குக் குளித்தால் அப்புறம் சீப்பு இறங்காது.
- மின்சார ரயிலில் இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே வாசலுக்கு நகர்ந்துவிட வேண்டும்.
- இங்கே அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர் மட்டும்தான். ஆட்டோக்காரரை அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். "என்னைப் பாத்தா பருப்பு விக்கிறவன் மாதிரியாம்மா இருக்கு?" என்றார். கோபமில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

வார்டனிடம் என் பெயரை மூன்று தடவை சொன்னேன். முப்பிடாதி. கடைசியில் நோட்டில் "முபி" என்று எழுதிக்கொண்டார். அறையில் கூட இருக்கும் பெனாசிர் மட்டும் முழுசாகச் சொல்கிறாள். ஆம்பூர்க்காரி, ஒரு லேபில் டெக்னீஷியன். "சாமி பேராச்சே, பாதியில வெட்டலாமா?" என்கிறாள்.

அம்மா போன். தென்காசி பக்கம் மேலகரத்தில் வீட்டிலேயே தையல் வேலை அவளுக்கு. பேசும்போதே மெஷின் ஓடுகிற சத்தம். அண்ணன் பட்டாளத்தில். ஆக அங்கே அவள் ஒருத்தி, இங்கே நான் ஒருத்தி.

"ஒரு மாசம் பாரு. முடியலன்னா வந்துரு. ஏன் வந்தன்னு கேக்க மாட்டேன்."

இப்படிச் சொன்னால் எப்படித் திரும்பிப் போக முடியும்?

ஜூன் 11, புதன்

பயிற்சி மூன்றாம் நாள். ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற அழைப்புகளை எடுக்கிற வேலை. பெரிய ஹால், குளிர் அதிகம், எல்லார் காதிலும் ஹெட்போன். தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் இங்கேதான் மணி அடிக்கும்.

விதிகள். நம் பெயரைச் சொல்லக் கூடாது. நம் ஊரைச் சொல்லக் கூடாது. திரையில் உள்ள வாசகத்தை விட்டு விலகக் கூடாது. கூப்பிட்டவர்களைப் பற்றி வெளியே ஒருவரிடமும் பேசக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த நோட்டிலும் அவர்கள் பெயரை எழுதப் போவதில்லை.

பயிற்சி தருகிறவர் தேவகி மேடம். முன்பு நர்ஸாக இருந்தவராம். என்னைப் பேசவிட்டுக் கேட்டார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்: "சொல்லுதேன் வேண்டாம். சொல்றேன்." மாதக் கடைசியில் தேர்வு. தேறாதவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சாயங்காலம் குளியலறையில் பயிற்சி. சொல்றேன், வர்றேன், வர்றேன், வர்றேன். வெளியே வாளியோடு நின்ற யாரோ ஒருத்தி: "எவ்ளோ நேரமா வர்றேன் வர்றேன்றே? முதல்ல வெளிய வா!"

ஜூன் 14, சனி

புழுக்கம். மழை வருகிற மாதிரி பாவனை காட்டிவிட்டுப் போய்விட்டது. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டதாம். அம்மா வேண்டுமென்றே சொல்கிறாள்.

காலை ரயிலில் நல்ல கூட்டம். நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, என்னைப் பார்க்காமலே, கையை நீட்டி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து ஸ்டேஷன். இறங்கும்போது திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கவனித்தேன், பெட்டி முழுக்க இப்படித்தான். யார் யார் மடியிலோ யார் யார் பையோ. இந்த ஊரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அந்தப் பெட்டியில்தான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் பெனாசிர் நோயாளியாக நடித்தாள், நான் அழைப்பெடுத்துப் பழக.

"ஐயோ, நெஞ்சு வலிக்குதே."

"பதற்றப்படாதீங்க. எந்த இடத்தில் இருக்கிறீங்க?"

"கட்டில் மேல. கடல மிட்டாய் சாப்பிட்டுனு இருக்கேன்."

சிரித்து முடியவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று முதல் உண்மையான அழைப்புகள். மேடம் பக்கத்தில் இன்னொரு ஹெட்போனில்.

1. குழந்தை போனை வைத்து விளையாடியது. பின்னால் அதன் அம்மா: "வைடா, போலீஸ் வரும்."
2. மதுராந்தகம் பக்கம், படியில் வழுக்கி விழுந்த பெரியவர். ஒழுங்காகச் செய்தேன்.
3. ஒரு லாரி டிரைவர். அவரிடம் "எங்கன இருக்கிய?" என்று கேட்டுவிட்டேன். "என்னாது?" என்றார். மேடம் தாளில் ஒரு கோடு போட்டார்.

நாள் முடிவில் ஏழு கோடு. எல்லாம் ஊர்ப் பேச்சுக்காக. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போன் எடுக்க ஆரம்பித்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. இன்னும் பயிற்சிதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யார் உயிருக்கோ நான் பதில் சொல்கிறேன் என்று தெரிந்தால் அவள் தூங்க மாட்டாள்.

ஜூன் 21, சனி

எழுதிவிடுகிறேன்.

காலை பதினொன்று இருக்கும். மணி. வாசகத்தைச் சொல்லி எடுத்தேன்.

"எக்கா, ஆம்புலன்ஸா? விரசலா அனுப்புங்கக்கா. எங்க மதினிக்கு வலி கண்டுட்டு."

சின்னப் பெண்ணின் குரல். பதினெட்டு, பத்தொன்பது இருக்கலாம். எங்கள் பக்கத்துப் பேச்சு. அண்ணிக்குப் பிரசவ வலி. திரையைப் பார்த்தே கேட்டேன்.

"பதற்றப்படாதீங்க. எந்த இடத்தில் இருக்கிறீங்க?"

"இலஞ்சியிலருந்து குத்தாலம் போற ரோடுக்கா. வாய்க்கா தாண்டுனா ஒரு முடுக்கு வரும். முடுக்குக்குள்ள மூணாவது வீடு."

மேடம் தாளில் எழுதி என் முன்னால் நகர்த்தினார்: "முறுக்குக் கடையா?" நான் இல்லை என்று தலையாட்டி, அதன் கீழே "சந்து" என்று எழுதினேன்.

முடுக்கு வாசலில் என்ன அடையாளம் என்று கேட்டேன். பூட்டிக் கிடக்கிற பஞ்சர் கடை. பதிந்தேன், வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் சனிக்கிழமை, சீசன். அந்த ரோடு எனக்குத் தெரியும். அருவிக்குப் போகிற கார்கள் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும்.

"வீட்டில் வேறு யார் இருக்கிறாங்க?"

"யாருமில்லக்கா. அண்ணன் வேலைக்குப் போயிருக்கு. நான் மட்டுந்தான். எக்கா, தல தெரியுதுக்கா!"

மேடம் கையைத் தூக்கினார். ஹாலில் இருந்த டாக்டர் ஓடிவந்து மூன்றாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். "கால்களை மடக்கி, மல்லாந்த நிலையில்" என்று திரையில் இருந்ததைப் படித்தேன். அந்தப் பெண் அழுதாளே தவிர எதையும் செய்யவில்லை. காதில் ஏறவே இல்லை. பின்னால் அவள் மதினியின் சத்தம்.

அப்போது என் வாயில் வந்தது இது:

"ஏட்டி! அழாத. நான் சொல்லுதத மட்டும் கேளு."

அழுகை நின்றது.

"நீ நம்ம ஊரு அக்காவா?"

ஊரைச் சொல்லக் கூடாது. "ஆமாட்டி" என்றேன்.

டாக்டர் சொன்னார், குழந்தையை இழுக்கக் கூடாது. நான் சொன்னேன்: "பிள்ளைய இழுத்துறாத. அது தானா வரும். நீ கையில ஏந்திக்கிட்டாப் போதும்."

"வழுக்குதுக்கா."

"துண்ட வச்சுப் பிடி. பயப்படாத, நான் இங்கனதான் இருக்கேன்."

வந்துவிட்டது. ஆனால் அழவில்லை. எங்கள் மூவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"காஞ்ச துண்டு எடுத்து வாயத் தொடச்சு விடு. இப்ப முதுகத் தேயி. நல்லாத் தேயி."

"தேய்க்கேன்க்கா. தேய்க்கேன்."

"இன்னும் தேயி. விடாத."

திரையில் நேரம் ஓடுவது தெரிந்தது. பார்க்கவில்லை. மேடம் என் நாற்காலிக் கையைப் பிடித்திருந்தார்.

பிறகு கேட்டது. பூனைக்குட்டி மாதிரி ஒன்று. அப்புறம் பெரிய அழுகை.

தொப்புள் கொடியைத் தொட வேண்டாம், அப்படியே அம்மாவின் நெஞ்சில் போட்டுப் பொதிந்து வை என்றேன். வாசலில் ஆள் சத்தம். வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் பெட்டியோடு ஓடி வந்திருக்கிறார்கள்.

"எக்கா, வந்துட்டாவ!"

கட்.

அடுத்த அழைப்பு உடனே மின்னியது. தாம்பரத்தில் பைக் சரிந்துவிட்டது. வாசகத்தைச் சொல்லி எடுத்தேன். குரல் நடுங்கவில்லை. எப்படி என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

விடுமுறை. துணி துவைக்கவில்லை. பெனாசிர் கேட்டாள், "என்னாச்சு?" சொல்ல முடியாது. "நல்லதா கெட்டதா, அது மட்டும் சொல்லு." தெரியாது என்றேன். அதுதான் உண்மை. வண்டி வந்ததும் எங்கள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன ஆனது என்ற தகவல் எங்களுக்கு வராது. தாய்க்கு ரத்தப்போக்கு நின்றதா? ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தார்களா? ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.

பெனாசிர் போய் பிரியாணி வாங்கி வந்தாள். "ஆம்பூர் பிரியாணி இல்ல இது, ஏமாத்துறானுங்க" என்று திட்டிக்கொண்டே எனக்கு முட்டையைத் தள்ளினாள்.

ஜூன் 24, செவ்வாய்

மேடம் அறைக்குக் கூப்பிட்டார். சனிக்கிழமைப் பதிவை ஓடவிட்டார். என் குரலை நானே கேட்டேன். அம்மா மாதிரி இருக்கிறது, அதட்டும்போது.

"இங்க வாசகத்தை விட்டுட்டே."

"ஆமாம் மேடம்."

"ஏட்டின்னா என்ன? அடியே மாதிரியா?"

"தங்கச்சியை அப்படிக் கூப்பிடுவோம் மேடம்."

"மரியாதைக் குறைவு. அதுக்கு மார்க் கிடையாது." எழுதினார். "ஊர்க்காரின்னு ஒத்துக்கிட்டதுக்கும் கிடையாது." அதையும் எழுதினார். பேனாவை மூடினார். குழந்தை அழுத இடத்தை மறுபடி ஓடவிட்டார். ஒரு தடவை. இன்னொரு தடவை. அதற்கு மார்க் உண்டா என்று சொல்லவில்லை.

கதவுவரை போன பிறகு: "முடுக்கு எனக்குத் தெரியல. உங்க பக்கத்து வார்த்தை எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடு. மத்தவங்களுக்கும் வேணும்."

எழுதியவை:
முடுக்கு – சந்து.
மச்சி – மாடி.
விரசலா – சீக்கிரம்.
பைய – மெதுவாக.
மதினி – அண்ணி.
கண்டுட்டு – கண்டுவிட்டது, ஆரம்பித்துவிட்டது.
சவம் – திட்டு. "அந்தச் சவத்தைக் காணோம்" என்றால் பிணம் காணாமல் போகவில்லை. போலீஸுக்குச் சொல்ல வேண்டாம்.

மத்தியானத்துக்குள் தாள் ஹால் முழுக்கச் சுற்றிவிட்டது. காபி மெஷின் பக்கம் ஒரு பையன் இன்னொருவனிடம்: "விரசலா ஊத்துடா, சவமே." ஏறக்குறைய சரி.

ஜூன் 27, வெள்ளி

தேர்வு முடிந்தது. தேறிவிட்டேன். மட்டுமட்டாக. பெனாசிர் விடுதி வராந்தாவில் விசில் அடித்து வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு நாள் லீவு. நாளை சாயங்காலம் ரயில். அம்மாவிடம் தேறிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். மெஷின் சத்தம் நின்றது. "அப்ப வர மாட்ட" என்றாள். "நாளன்னைக்கு வருதேன்ம்மா" என்றேன். "அத சொல்லல" என்றாள். பிறகு, "சரி, வா. சாளக்கருவாடு வாங்கி வைக்கேன்."

வாங்க வேண்டியவை: அம்மாவுக்கு ஊசிநூல் கோர்க்க நல்ல கண்ணாடி. மறக்காதே.

ஜூன் 29, ஞாயிறு. மேலகரம்

சாரல். தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதும் முகத்தில் தூவியது. அம்மா குடையோடு வந்திருந்தாள், குடையை விரிக்காமல். "மெலிஞ்சுட்ட" என்றாள். நான் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன்.

பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேராக ஐந்தருவி. பெண்கள் பக்கம் நீண்ட வரிசை. அருவிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அம்மா கத்தினாள்.

"ஒரு கத கேளு. முந்தாநாளு இலஞ்சிக்காரப் பிள்ள ஒண்ணு நைட்டிக்கு ஜிப்பு வைக்க வந்துச்சு. அவ மதினிக்காம். பிள்ள வீட்லயே பொறந்துட்டாம்!"

வரிசையில் அவளை ஒட்டி நெருங்கினேன்.

"இவளேதான் எடுத்தாளாம். போன்ல ஒருத்தி சொல்லச் சொல்ல!"

"ரெண்டு பேரும் எப்படி இருக்காவ?" என்று கேட்டேன்.

"அதான் நைட்டிக்கு ஜிப்பு வைக்கச் சொல்லுதால்லா. நல்லா இருக்கா. பொட்டப் பிள்ள. பாலு குடிச்சுக்கிட்டே இருக்காம்."

பொட்டப் பிள்ளை.

"உங்க ஆபீஸ்லதான் இருப்பா அவ. நம்ம பக்கத்துப் பிள்ளயாம். மெட்ராஸ்ல உக்காந்துகிட்டு ஏட்டிங்காளாம் பாரு! உனக்குத் தெரியுமா அவள?"

கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. "அங்கன நெறைய பேரு இருக்கோம்மா."

"இந்தப் பிள்ள சொல்லுதா, அந்த அக்கா அதட்டலன்னா நான் போனப் போட்டுட்டு ஓடியிருப்பேன்னு." வரிசை நகர்ந்தது. அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அருவியைப் பார்த்துக் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டாள். "யாரு பெத்த பிள்ளையோ. நல்லா இருக்கட்டும்."

"நல்லாத்தாம்மா இருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. "என்னட்டி?" என்று கத்தினாள்.

"பாத்து வா, பாசி வழுக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.