கஞ்சியில் கலந்த பால்பவுடர்

தங்கைக்கு,

எம்.எஸ்ஸி. படித்த நான் ஏன் அப்படிச் செய்தேன்?

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றதும், உன் வயிற்றுவலி வெறும் பயம் என்று முடிவுகட்டினேன். ஒரு மாதம் பாலை நிறுத்திப் பார்க்கும்படி ஆஸ்பத்திரியில் உணவுமுறை சொல்லித்தரும் பெண் சொன்னாள். நீ பயபக்தியோடு குறித்துக்கொண்டாய். நான் சிரித்தேன். அந்த மாதத்தில் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து என் வீட்டில் தங்கினாயே, அந்தப் பத்து நாளில் நான்கு நாள் உன் கஞ்சியில் தெரியாமல் பால்பவுடர் கலந்தேன். சோதித்துப் பார்க்கிறேனாம்.

அந்த நான்கு நாள் மட்டும் வலியில் சுருண்டு படுத்தாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று போனில், "பால விட்டும் வலி கேக்கலக்கா. இனி சோத்தையும் விட்டுப் பாக்கப்போறேன்" என்கிறாய். இப்போதே முப்பத்தெட்டு கிலோதான் இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

அக்கா

மறுநாள்: தபாலுக்குக் காத்திருக்க மனம் வராமல் காலையிலேயே போனில் சொல்லிவிட்டேன். "எந்தெந்த நாளு?" என்று கேட்டாய். சொன்னேன். "அப்ப பாலுதான். எனக்குக் கோட்டியோ பைத்தியமோ ஒண்ணும் புடிக்கல" என்றாய். பிறகு, "வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரிக்கு வாரேன். ஒன் வீட்டுக்கும் வருவேன். சோறு மட்டும் நானே கட்டிக் கொண்டாந்துருவேன்" என்று சொல்லி போனை வைத்தாய்.